மூன்றாம் வகுப்பைத் தாண்டாத பொறியியலாளர்: ஜி.டி. நாயுடுவும் எங்கள் கொட்டில் வேலைத்தலங்களும்

ஜி.டி. நாயுடுவின் கண்டுபிடிப்புகளைப் பட்டியலிடும் எந்தக் கட்டுரையிலும் ஓரிடத்தில் மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி ஒன்று வரும். தமிழ்நாட்டில் எழுதுபவர்கள் அதை ஒரு வரியில் கடந்து, அவருடைய சவரக் கருவிக்கும் காருக்கும் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த விசிறியைத் தாண்டிப் போக முடியவில்லை. மின்சாரம் வெட்டப்பட்டு, பெற்றோல் தடைசெய்யப்பட்டு, எல்லாவற்றையும் மண்ணெண்ணெயை நம்பியே ஓட்டிய ஒரு குடாநாட்டில் வளர்ந்த எவருக்கும் அப்படித்தான் இருக்கும்.

கோவைக்காரர் ஒருவரின் வாழ்க்கையை யாழ்ப்பாணத்தில் இருந்து ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். மாதவன் நடிக்கும் படம் ஒன்று அவரைப் பற்றி வருகிறது என்ற செய்திக்குப் பிறகு அவரைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். எல்லோரும் அவரை அதிசய மனிதர் என்கிறார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் செய்த முதல் வேலை அதிசயமே அல்ல. எங்கள் ஊரில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டிலைப் போட்டுக்கொண்டு, படிக்காமலே என்ஜின் திருத்தப் பழகிய நூற்றுக்கணக்கானவர்கள் செய்த அதே வேலைதான் அது.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தாய் அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. வாத்தியார்மேல் மண்ணை அள்ளி எறிந்தவர் என்ற கதை அவரோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன்பிறகு தோட்டம்தான்.

இருபது வயதளவில் அந்த ஊருக்குப் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். இங்கிலாந்தின் கொவென்றி நகரில் செய்யப்பட்ட ரட்ஜ். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி தானாக ஓடுவதை நாயுடு அன்றுதான் பார்த்தார். அப்படி ஒன்றை வாங்கியே தீர வேண்டும் என்று கோயம்புத்தூருக்குப் போய், ஒரு சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். ஆண்டுக்கணக்கில் சேர்த்த காசோடு போய் அந்த மோட்டார் சைக்கிளையே வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊரைச் சுற்றவில்லை. முழுதாகக் கழற்றிப் பரப்பிவிட்டார். பிறகு பூட்டினார்.

அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். சொல்லித்தர ஆளில்லை, கையேடு இல்லை, ஆங்கிலமும் தெரியாது. அந்தக் காலத்து ரட்ஜ் ஒற்றைச் சிலிண்டர் வண்டி. ஒரு பிஸ்டன், சில ரிங்குகள், இரண்டு வால்வு, ஒரு காபரேற்றர். இன்றைய மோட்டார் சைக்கிளோடு ஒப்பிட்டால் எளிமையானது. ஆனாலும் எந்த நட்டு எதற்குப் பிறகு வந்தது என்பதைக் கையே ஞாபகம் வைத்திருக்க வேண்டும். சிலிண்டரைத் தூக்கி எடுத்த கணத்தில் அவர் கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கக் கூடியது ஒரு வெறும் இரும்புக் குழாய். வேலை முழுவதும் அந்தக் குழாயின் உட்சுவரில்தான் நடக்கிறது.

அந்த உட்சுவரைப் பற்றி எனக்கு விளங்கப்படுத்தியவர் தென்மராட்சியில் இருக்கும் ஒரு மெக்கானிக். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஊரில் எல்லோரும் அவரை மாஸ்ரர் என்றே கூப்பிடுகிறார்கள். கிணற்றடிக்குப் பக்கத்தில் நாலு பனங்குற்றியில் நிற்கும் தகரக் கொட்டில்தான் அவருடைய வேலைத்தலம். அவரும் எங்கும் படித்தவர் அல்லர்.

1990 ஜூனுக்குப் பிறகு மோட்டார் சைக்கிள் எப்படி ஓடியது என்று எங்கள் வாசகர்களில் பெரும்பாலானோருக்குத் தெரியும். சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில சொட்டை விட்டு எம்.டி. 90-ஐ உதைப்பார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய மொரிஸ் மைனரும் ஒஸ்ரினும் அப்படித்தான் ஓடின. அமுக்கம் குறைந்த பழைய என்ஜின்கள் என்பதால் அவை அந்தக் கொடுமையைத் தாங்கின. அந்தப் புகையின் மணம் சிறுபிள்ளையாக இருந்த எனக்கே இன்னும் மூக்கில் நிற்கிறது. ஆனால் சிலிண்டருக்குள் என்ன நடந்தது என்பதை மாஸ்ரர் சொல்லித்தான் அறிந்தேன்.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. ஆவியாகாத துளிகள் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி, அடியில் இருக்கும் ஒயிலையும் தண்ணீராக்கிவிடும். பிறகு இரும்போடு இரும்பு நேராக உரசும். தேய்வு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்காது. பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும் இடத்தில்தான் கூடத் தேயும். அந்த இடத்துக்கு மேலே, ரிங் தொடாத பகுதியில், ஒரு வரம்பு மிஞ்சும். நகத்தால் தடவினால் நகம் தட்டும். வட்டமாக இருந்த குழாய் மேலே அகன்றும் ஒரு பக்கம் முட்டை வடிவாகவும் போய்விடும். மற்ற இடங்களில் சுவர் கண்ணாடிபோல் மினுங்கும். பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் அதில் ஒயில் நிற்காது.

முறையான வைத்தியம், லேத்தில் கொடுத்துக் கால் மில்லிமீற்றரோ அரை மில்லிமீற்றரோ கூட்டிக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது. தடைக்காலத்தில் பெரிய பிஸ்டனுக்கு எங்கே போவது? ஆகவே தேய்வு கட்டுக்குள் இருந்தால் சுவரைக் கீறிவிட்டு, கிடைத்த ரிங்கைப் போட்டு ஓடவிட்டார்கள். கீறுவது என்றால் கண்டபடி அல்ல. மூன்று கல் பொருத்திய கருவியைக் குழாய்க்குள் இறக்கி, மெதுவாகச் சுற்றிக்கொண்டே மேலும் கீழும் ஓட்ட வேண்டும். அப்போது சுவரில் கோடுகள் சரிவாக ஒன்றையொன்று வெட்டும். பனையோலைப் பாயின் பின்னல் மாதிரி இருக்கும். அந்தக் கோடுகளின் பள்ளத்தில்தான் ஒயில் தங்கும், அந்தச் சொரசொரப்பில்தான் புது ரிங் தேய்ந்து சுவரோடு பொருந்தும். ஒரே இடத்தில் நின்று சுற்றினால் வேலை கெட்டது.

மாஸ்ரரிடம் அப்போது கல் இல்லை. மரக்கட்டையைச் சிலிண்டர் அளவுக்குச் சீவி, நடுவே பிளந்து எமரி பேப்பரைச் செருகிச் சுற்றி, தச்சரின் கைத் துறப்பணத்தில் மாட்டினார். மின்சாரம் இல்லாததால் அந்தத் துறப்பணமே வசதியாகப் போயிற்று. வேகம் கையிலேயே இருந்தது. ரிங்கின் இடைவெளியை அளக்கச் சவர பிளேட். ஒரு பிளேட் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு தடிப்பு. ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து அதன் வாய்க்குள் இரண்டு பிளேட் போக வேண்டும், ஐந்தாறு போனால் ரிங் உதவாது. எல்லாம் முடிந்து கழுவுவதில்தான் பலர் பிழை விட்டார்களாம். மண்ணெண்ணெயால் கழுவினால் தூள் கோடுகளுக்குள்ளேயே இருந்துவிடும். சவர்க்காரமும் சுடுதண்ணீரும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை விடக்கூடாது. காய்ந்த உடனே ஒயில் பூச வேண்டும், இல்லாவிட்டால் கண்முன்னே துருப்பிடிக்கும்.

இதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாலைந்து சிலிண்டர்களைப் பழுதாக்கிப் பழகியதாகச் சொல்லிச் சிரித்தார். நாயுடுவும் அந்த ரட்ஜில் எதையாவது பழுதாக்கித்தான் இருப்பார் என்பது என் ஊகம். வாழ்க்கை வரலாறுகள் அதை எழுதுவதில்லை.

மோட்டார் சைக்கிளைப் பூட்டத் தெரிந்த நாயுடு மெக்கானிக் ஆனார். பிறகு பஞ்சு வியாபாரத்தில் இறங்கி, பம்பாய் வரை போய், கைக்காசை இழந்து திரும்பினார். கோவையில் தொழில் நடத்திய ரொபேர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயரின் உதவியோடு 1920இல் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தானே ஓட்டினார். சாரதி, மெக்கானிக், முதலாளி எல்லாம் ஒருவரே. அந்த ஒரு பஸ்ஸில் இருந்து யூனிவேர்சல் மோட்டார் சேர்விஸ் வளர்ந்தது. யு.எம்.எஸ். என்ற மூன்றெழுத்து கோவை வட்டாரத்தில் நேரம் தவறாத பஸ்ஸுக்குப் பெயரானது. தன் வண்டிகளைத் தன் வேலைத்தலத்திலேயே திருத்தினார். அவருடைய மற்ற எல்லாத் தொழில்களும் அந்தப் பட்டறையில் இருந்து கிளைத்தவைதான்.

1930களில் ஐரோப்பாவுக்குப் போனார். ஜேர்மனியில் உலர் மின்கலத்தில் ஓடும் சின்ன மோட்டாரைக் கொண்டு ரசான்ற் என்ற சவரக் கருவியை உருவாக்கினார். மிக மெல்லிய சவர பிளேட், படக் கமெராவுக்குத் தூரம் சரிசெய்யும் கருவி, பழச்சாறு பிழியும் இயந்திரம், மோசடி செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் எல்லாம் அவர் பெயரில் இருக்கின்றன. கமெராவோடு திரிந்த மனிதர் அவர். 1936 ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படமெடுத்தார். காந்தியையும் நேருவையும் சுபாஷ் சந்திரபோஸையும் படமெடுத்தார். ஜேர்மனியில் ஹிட்லரைச் சந்தித்ததையும் அவருடைய ரசிகர்கள் பெருமையாகவே எழுதுகிறார்கள். ஊடகம் படித்தவள் என்ற முறையில் அந்தப் படச்சுருள்களைப் பார்க்க எனக்கு ஆசை உண்டு, அந்தப் பெருமையில் பங்கில்லை.

1937இல் டி. பாலசுந்தரத்தோடு சேர்ந்து, இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டாரைக் கோவையில் உருவாக்கினார். கோவை மோட்டார்களுக்கும் நீரிறைக்கும் பம்புகளுக்கும் பெயர்போன நகரமாகப் பின்னாளில் வளர்ந்ததற்கு அது ஒரு தொடக்கம். வற்றாத ஆறு இல்லாத, கிணற்றை நம்பியே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வைக்கும் வலிகாமத்துக்காரருக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்று நான் சொல்லத் தேவையில்லை. 1941இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாவுக்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி பி.பி.சி. தமிழோசை கேட்ட எங்கள் வீடுகளில் அந்த 70 ரூபா வானொலி ஒன்று இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

1944இல் மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்பில் இருந்து விலகினார். ஆராய்ச்சி மாணவர்களுக்கும் தன் தொழிலாளர்களுக்கும் ஒடுக்கப்பட்டவர்களுக்கும் நிதி ஒதுக்கினார். அவருடைய முயற்சியிலும் நன்கொடையிலும் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி உருவானது. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. மூன்றாம் வகுப்புப் படித்தவர் 1945இல் அந்தப் பொறியியல் கல்லூரியின் அதிபராக இருந்தார். நான்கு ஆண்டுப் படிப்பு மாணவரின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டே ஆண்டில் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்பது அவர் வாதம். அரசு ஏற்கவில்லை. பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியேறினார். அந்தக் கல்லூரிதான் பின்னர் இடம்மாறி, இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது.

இந்த வாதத்தில் அவர் பக்கம் முழுதாகச் சாய எனக்குத் தயக்கம் உண்டு. பாலம் கட்டுகிறவருக்கு நான்கு ஆண்டு கணிதம் தேவை. ஆனால் அவர் தொட்ட இடம் எங்களுக்கு நோகிற இடம். மாஸ்ரரின் கொட்டிலில் ஒருவன் வேலை செய்கிறான். அவன் ஓ.எல். எழுத வேண்டிய ஆண்டு 2008. அந்த ஆண்டு கடைசியில் அவன் எங்கே இருந்தான் என்பதை வன்னியில் இருந்து வந்தவர்கள் இலகுவில் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். இடது கையில் இன்னும் ஷெல் துண்டு இருக்கிறது. அந்தக் கையால்தான் சிலிண்டரைப் பிடிக்கிறான். நான் பார்த்துக்கொண்டிருக்கவே ஒரு தண்ணிப் பம்பின் சிலிண்டரைக் கீறி, கழுவி, வெள்ளைத் துணியைக் காட்டி மாஸ்ரரிடம் அனுமதி வாங்கினான். பதினைந்து ஆண்டு அனுபவம். கையில் ஒரு காகிதம் இல்லை.

இலங்கையில் இப்படிப்பட்டவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. தேசிய தொழிற்தகைமை முறையில் முன் கற்றலை அங்கீகரித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு இருக்கிறது. வகுப்பில் இருக்கத் தேவையில்லை, செய்து காட்டினால் போதும். காகிதத்தில் இது நாயுடு கேட்டதைவிடவும் முன்னேறியது. இவன் விண்ணப்பிக்கப் போன இடத்தில், முன்பு வேலை செய்த இடங்களின் கடிதம் கேட்டார்கள். அவன் முதலில் வேலை பழகிய கராஜ் கிளிநொச்சியில் இருந்தது. கட்டடமும் இல்லை, கடிதம் கொடுக்க வேண்டியவரும் இல்லை. படிவம் இன்னும் ஸ்பனர் பெட்டிக்குள் கிடக்கிறது. கட்டாருக்குப் போனால் இதே வேலைக்கு நாலு மடங்கு சம்பளம், ஆனால் முகவர் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான்.

நாயுடுவுக்கும் காகிதத்தோடு சண்டை ஓயவில்லை. 1952இல் இரண்டு பேர் இருக்கக்கூடிய பெற்றோல் கார் ஒன்றை வெளியிட்டார். விலை 2,000 ரூபா. அரசு உற்பத்தி அனுமதி தரவில்லை, கார் நின்றுபோனது. வரியும் அனுமதிச் சீட்டும் தன்னை நெரிக்கின்றன என்று சினந்து, தான் செய்த பொருட்களைத் தானே பலர் முன்னிலையில் உடைத்துப் போட்டார். அந்த எதிர்ப்பைத் துணிச்சல் என்று பாராட்டி எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படி வாசிக்க வரவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, சைக்கிளில் ஏற்றக்கூடியதை மட்டும் ஏற்றிக்கொண்டு வலிகாமத்தில் இருந்து வெளியேறியவர்களில் லேத்தை விட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள், ஆயுதப் பெட்டியைக் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். (ஆயுதம் என்றால் எங்கள் மெக்கானிக்குகளுக்கு இன்றைக்கும் ஸ்பனரும் சுத்தியலும்தான். அந்தச் சொல்லால் சோதனைச் சாவடியில் பட்டபாடு வேறு கதை.) திரும்பி வந்தபோது பலருக்கு அவை கிடைக்கவில்லை. வேலை செய்கிற இயந்திரத்தை ஒருவர் தன் கையாலேயே உடைக்கலாம் என்ற எண்ணமே இங்கே பலருக்கு விளங்காது.

பிற்காலத்தில் அவருடைய கவனம் தோட்டத்துக்குப் போனது. பருத்தி, சோளம், பப்பாளி என்று புது இனங்களை வளர்த்துப் பார்த்தார். சி.வி. ராமனும் விஸ்வேஸ்வரய்யாவும் அந்தத் தோட்டத்தைப் பார்க்க வந்தார்கள். காலை ஆறு மணிக்கு அத்திவாரம் போட்டு மாலை ஐந்து மணிக்கு ஒரு வீட்டைக் கட்டி முடித்தார். 1967இல் தன் பெயரில் ஒரு தொழிற்கண்காட்சியை நிறுவினார்.

1974 ஜனவரி 4 அன்று நாயுடு இறந்தார். வயது 80. அன்று யாழ்ப்பாணத்தில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்துகொண்டிருந்தது. முந்தைய நாள்தான் தொடங்கியிருந்தது. தெருவெல்லாம் தோரணம். பத்தாம் திகதி இரவு என்ன நடந்தது என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. அந்த வாரத்தில் கோவையில் ஒரு மெக்கானிக் இறந்த செய்தி இங்கே எத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கும்?

கோவையில் பஸ் ஏறினால் அவிநாசி வீதியில் ஹோப் காலேஜ் என்று ஒரு நிறுத்தம் வரும். கல்லூரி அங்கிருந்து போய்ப் பல காலம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் ஆளுநருடையதாகவே நின்றுவிட்டது. 2025 ஒக்டோபரில் அதே வீதிக்கு மேலாக 10.1 கிலோமீற்றர் நீள மேம்பாலத்தைத் தமிழ்நாடு அரசு திறந்து, அதற்கு ஜி.டி. நாயுடுவின் பெயரைச் சூட்டியது. தெருக்களில் இருந்து சாதிப் பெயர்களை நீக்குவதாக அறிவித்த அரசு, நாயுடு என்ற பெயரை மட்டும் எப்படிப் பாலத்தில் எழுதலாம் என்று சில நாட்கள் வாக்குவாதம் நடந்தது. பெயர் இருக்கிறது. ஹோப் காலேஜ் நிறுத்தம் இப்போது அந்தப் பாலத்துக்குக் கீழே இருக்கிறது.